பாலம் தாங்குமா?

2018-ஆம் ஆண்டு டிசம்பரில், திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசியை அடுத்த கொரக்கோட்டை என்னும் சிற்றூரிலிருந்து ஒரு பெருங்கல் புறப்பட்டதை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். பெங்களூரு ஈஜிபுராவிலுள்ள கோதண்டராமசுவாமி கோயிலில் நிறுவுவதற்கான மகாவிஷ்ணு சிலை அது. முழுவதும் செதுக்கி முடிக்காத நிலையில் முந்நூறு டன்னுக்கு மேற்பட்ட எடை. அதனைச் சுமந்த வண்டிக்கு 240 சக்கரங்கள். வந்தவாசியில் மாலையில் காய்கறி ஏற்றும் ஒரு லாரி மறுநாள் பொழுது விடிவதற்குள் பெங்களூரை அடைந்துவிடும். இந்தச் சிலை போய்ச் சேர்ந்தது 2019 ஜூனில்.

வழியெங்கும் மக்கள் திரண்டு வந்து வழிபட்டனர். குறுகிய தெருக்களில் வண்டி நுழைவதற்காகக் கட்டடங்களின் முன்பகுதிகள் இடிக்கப்பட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆற்றுப் பாலங்கள் இந்தப் பளுவைத் தாங்குமா என்ற கேள்வி எழுந்தது. வண்டி நாள் கணக்கில் நின்றது. கடைசியில் பாலத்தை விட்டு விலகி, ஆற்றுக்குள் மண்ணைக் கொட்டித் தற்காலிகச் சாலை அமைத்தே கடக்க வேண்டியதாயிற்று.

சுவாமியே வந்து நின்றாலும், 'இந்தப் பாலத்தின் மேல் போகக்கூடாது' என்று சொல்லும் அதிகாரம் ஒரு பொறியாளருக்கு எங்கிருந்து வந்தது? அவர் எதைக் கணக்கிட்டு அப்படிச் சொல்கிறார்? இவ்விரு கேள்விகளின் வரலாறுதான் பெருஞ்சுமை அனுமதியின் வரலாறு. லாரித் தொழிலில் இருப்பவர்கள் இத்தகைய சுமையை 'ஓ.டி.சி.' என்று மூன்றே எழுத்தில் சொல்லிவிடுவார்கள். சட்டம் குறித்துள்ள அளவுகளை மீறிய சுமை என்பது பொருள். நம் நாட்டில் பொதுவான சரக்கு வண்டிக்கு அகலம் 2.6 மீட்டர், உயரம் 4 மீட்டர் (2020 வரை இது 3.8 மீட்டராக இருந்தது). இதற்கு மேற்பட்டால் தனி அனுமதி தேவை. ஆனால் இந்தக் கதை லாரியில் தொடங்கவில்லை. மாட்டு வண்டி, குதிரை வண்டிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

இங்கிலாந்தில் 1620-களின் தொடக்கத்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். நான்கு சக்கர வண்டிகள் கூடா. ஒரு டன்னுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது அதன் சாரம். அக்காலத்துச் சாலை என்பது மண் தடமே. மழைக்காலத்தில் பாரவண்டி ஒன்று சென்றால் அச்சு வரை புதையும் பள்ளம் விழும். சாலையைப் பழுது பார்க்க வேண்டிய பொறுப்போ வழியிலிருந்த ஊர் மக்களின் தலையில் இருந்தது. ஆகவே எவனோ ஒரு வணிகன் இலாபம் அடைய, எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சிற்றூர் கல்லுடைத்துப் பள்ளம் நிரப்ப வேண்டியிருந்தது. இதைத் தடுக்கப் பல சட்டங்கள் வந்தன. 1753-இல் வந்த சட்டம் சக்கரத்தின் அகலத்தையே குறிவைத்தது: சுங்கச் சாலைகளில் செல்லும் பார வண்டிகளின் சக்கரப் பட்டை 9 அங்குல அகலம் இருக்க வேண்டும் என்றது. அகன்ற சக்கரம் உருளையைப்போலச் சாலையைச் சமன் செய்துகொண்டே போகும் என்பது சட்டம் இயற்றியவர்களின் நம்பிக்கை.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. பளு அகலமான பரப்பில் பரவினால் அழுத்தம் குறையும். எருமை சேற்றில் நடக்கும். கூரிய குதிகால் செருப்பு அணிந்தவர் நடக்க முடியாது! ஆயினும் சாலைக்கு ஏற்ப வண்டியை மாற்றுவதா, வண்டிக்கு ஏற்பச் சாலையை மாற்றுவதா என்ற வழக்கு தீரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர், சாலைதான் வண்டிக்கு ஏற்ப அமைய வேண்டும் என்று அடித்துச் சொன்னார். சிறு கற்களை இறுக்கிப் போட்டு, நீர் வடிய வழி செய்தால் சாலை எப்பளுவையும் தாங்கும் என்றார். அவர் பெயரால்தான் நாம் இன்றும் 'மெக்காடம் சாலை' என்கிறோம்.

மெக்காடம் குதிரை வண்டிகளைத்தான் கண்டிருந்தார். அவருக்குப் பிறகு நீராவி இழுபொறி வந்தது. பத்துப் பன்னிரண்டு டன் எடையுள்ள இரும்பு யானை அது. அதன் பின்னால் கொதிகலன்களையும் கற்களையும் ஏற்றிய வண்டிகள் தொடர்ந்தன. சாலை ஒருவாறு தாங்கினாலும், குதிரை வண்டிகளுக்காகக் கட்டப்பட்ட பழைய பாலங்கள் தாங்குமா? இந்த அச்சத்தில் பிறந்ததுதான் 1861-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் சட்டம்.

வேக வரம்புக்காகவே இச்சட்டத்தைப் பலர் நினைவு கூர்வர். வெளியூர்ச் சாலையில் மணிக்கு 10 மைல், ஊருக்குள் 5 மைல் என்று அது விதித்தது. நமக்கு முக்கியமானது அதிலிருந்த வேறொரு பிரிவு. 'இப்பாலம் வழக்கமான போக்குவரத்துக்கு மேற்பட்ட எடையைத் தாங்காது' என்று அறிவிப்புப் பலகை வைக்கப்பட்ட பாலத்தின் மீதும், தொங்கு பாலத்தின் மீதும், பொறுப்பாளரின் ஒப்புதலை முன்கூட்டிப் பெறாமல் இழுபொறியை ஓட்டக்கூடாது என்றது அப்பிரிவு. மீறிப் போய்ப் பாலம் சேதமுற்றால் இழுபொறியின் உரிமையாளரே ஈடு செய்ய வேண்டும். கிருஷ்ணகிரியில் சிலையை நிறுத்திய அதிகாரத்தின் கரு இங்கே இருக்கிறது என்று நான் கருதுகிறேன். வண்டி வந்து பாலம் உடைந்தபின் வழக்காடுவதற்குப் பதிலாக, வருமுன் கேள் என்றது சட்டம். அதுவரை வந்த சட்டங்கள் 'கூடாது' என்றன. இது 'கேட்டுவிட்டுப் போ' என்றது. இரண்டிற்கும் பெரிய வேறுபாடு உண்டல்லவா?

1865-இல் இச்சட்டம் மேலும் இறுகியது. வேகம் வெளியூரில் 4 மைல், ஊருக்குள் 2 மைல் எனக் குறைந்தது. இழுபொறிக்கு 60 கெஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இந்தக் கொடிக்காரரைப் பற்றி ஆங்கிலேயர் இன்றும் கேலி பேசுவதுண்டு. மோட்டார் வண்டியின் வளர்ச்சியையே அவர் முப்பது ஆண்டு தடுத்து நிறுத்தினார் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கேலி செய்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இன்றும் பெருஞ்சுமை வண்டி எங்கு சென்றாலும் அதற்கு முன்னால் விளக்கு சுழல ஒரு சிறு வண்டி செல்கிறதே, அது யார்? அதே கொடிக்காரர்தான், நடப்பதற்குப் பதில் காரில் உட்கார்ந்திருக்கிறார். இவரை நினைவில் வைத்திருங்கள். இக்கட்டுரையில் மறுபடியும் வருவார்.

1878-இல் வந்த சட்டம் பணத்தைப் பற்றிப் பேசியது. 'அளவுக்கு மீறிய எடை'யாலோ 'வழக்கத்துக்கு மாறான போக்குவரத்தா'லோ ஒரு சாலை சேதமுற்றால், அதற்கான கூடுதல் செலவை அப்போக்குவரத்தை நடத்தச் சொன்னவரிடமே வசூலிக்கலாம் என்றது. வழக்கம் எது, வழக்கத்துக்கு மாறானது எது என்று நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டன. கல் வெட்டும் ஊரில் கல் வண்டி வழக்கமா, மாறானதா? வழக்கறிஞர்களுக்கு நல்ல வருமானம். இதற்கெல்லாம் காரணம், ஒரு வண்டி ஒரு சாலையை எவ்வளவு கெடுக்கிறது என்பதை அளந்து சொல்ல அன்று எவருக்கும் தெரியாததே. அந்த அறிவு வர இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவில் 1913-இல் மேய்ன், மாசசூசெட்ஸ் ஆகிய மாநிலங்கள் லாரிகளுக்கு எடை வரம்பு விதித்தன. மேய்ன் விதித்தது 18,000 பவுண்டு. மாசசூசெட்ஸ் 28,000 பவுண்டு. இரு மாநிலங்களில் ஒரே வகைச் சாலைக்கு ஏன் இத்தனை வேறுபாடு? இரண்டும் அனுமானமே என்பதுதான் விடை. அனுமானத்தை அறிவாக மாற்ற, 1958-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஒட்டாவா நகருக்கு அருகே ஒரு பெரும் சோதனை தொடங்கியது. ஆறு வளையச் சாலைகள் அமைத்தனர். ஒவ்வொன்றிலும் பல்வேறு தடிமனில் கான்கிரீட்டும் தாரும் போட்டனர். ஒரு வளையத்தில் வண்டியே விடவில்லை. வெயிலும் பனியும் மட்டும் எவ்வளவு கெடுக்கும் என்று பார்க்க! மற்ற ஐந்திலும் இராணுவ வீரர்கள் லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினர். எங்கும் போய்ச் சேராத ஒரு பயணம் இரண்டாண்டுகள் நடந்தது. 1960 இறுதிக்குள் 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுகள் அச்சாலைகளின் மீது உருண்டன.

வெளிவந்த முடிவு வியப்பூட்டுவது. சாலையின் சேதம் வண்டியின் மொத்த எடையைப் பொறுத்ததன்று; ஒவ்வோர் அச்சின் மேலும் விழும் பளுவைப் பொறுத்தது. அதுவும் நேர் விகிதத்தில் இல்லை. ஏறத்தாழ நான்காம் அடுக்கில் வளர்கிறது. அச்சுப் பளு இரண்டு மடங்கானால் சேதம் 2×2×2×2, அதாவது 16 மடங்கு!

பேனாவை எடுத்து நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 டன் எடையை நான்கு அச்சுகளில் வைத்தால் அச்சுக்கு 10 டன். அதே எடையை எட்டு அச்சுகளில் வைத்தால் அச்சுக்கு 5 டன். முதல் வண்டியின் சேதத்தை 4×10,000 என்றால், இரண்டாவதன் சேதம் 8×625. அதாவது 40,000-க்கு எதிராக 5,000. எடை ஒன்றே, சேதம் எட்டில் ஒரு பங்கு. கொரக்கோட்டைச் சிலைக்கு 240 சக்கரங்கள் ஏன் என்பது இப்போது விளங்கும். அத்தகைய தட்டையான இழுவண்டிகளில் அச்சு வரிசைகள் நீரியல் குழாய்களால் இணைக்கப்பட்டிருக்கும். சாலை மேடு பள்ளமாக இருந்தாலும் எண்ணெயின் அழுத்தம் பளுவை எல்லாச் சக்கரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடும். பாஸ்கல் விதியைப் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியதோடு மறந்திருந்தால், அடுத்த முறை சாலையில் இந்த வண்டியைக் காணும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு நம் நாட்டைப் பற்றியது. 2018 ஜூலையில் நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்கான எடை வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எடையில் உயர்வு ஏறத்தாழ 13 விழுக்காடு. நான்காம் அடுக்கு விதிப்படி அந்த அச்சு ஒருமுறை உருளும்போது விளையும் சேதத்தின் உயர்வு? சுமார் 62 விழுக்காடு. ஒரே சரக்கை ஏற்றிச் செல்லப் பயணங்கள் சற்றுக் குறையும் என்பதையும் கணக்கில் கழிக்க வேண்டும். கழித்த பிறகும் சாலை போடுபவருக்குக் கவலைதான்.

இது சாலையின் கதை. பாலத்தின் கதை வேறு. சாலைக்குக் கீழே பூமி இருக்கிறது. பாலத்திற்குக் கீழே ஒன்றுமில்லை. இரு தூண்களுக்கு இடையே ஒரே நேரத்தில் எத்தனை அச்சுகள் நிற்கின்றன என்பதே இங்கு கேள்வி. அச்சுகளை நெருக்கி வைத்தால் முழு எடையும் ஒரே கண்ணின் நடுவில் விழும். தள்ளித் தள்ளி வைத்தால் சில அச்சுகள் முந்திய கண்ணிலும் சில அடுத்த கண்ணிலும் நிற்கும். ஆகவே நீளமான வண்டி பாலத்திற்கு நல்லது. ஆனால் தெரு முனைகளில் திரும்புவதற்குக் கெட்டது! இந்த முரண்பாட்டுக்கு நடுவேதான் அனுமதி தரும் பொறியாளர் உட்கார்ந்திருக்கிறார்.

இந்திய சாலைப் பேரவையின் பால விதிகளில் இப்போது 385 டன் எடையுள்ள ஒரு தனிச் சிறப்பு வண்டிக்குக் கணக்கு உண்டு: அச்சுக்கு 18 டன் வீதம் 20 அச்சுகளில் 360 டன், இழுக்கும் வண்டி 25 டன். இவ்வண்டி பாலத்தைக் கடக்கும்போது வேறு வண்டி ஏதும் பாலத்தின் மேல் இருக்கக்கூடாது. நட்ட நடுவே செல்ல வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்ல வேண்டும். ஏன் நடுவே? அப்போதுதான் இருபுற உத்திரங்களும் பளுவைப் பகிரும். ஏன் ஊர்ந்து? வேகமாக வரும் சக்கரம் குதித்து விழும்போது பாலம் உணரும் விசை, அதன் எடையைவிட அதிகம். ஊர்ந்து போனால் அந்த அதிர்ச்சிக்கென ஒதுக்க வேண்டிய கூடுதல் பளுவைக் கணக்கிலிருந்தே விட்டுவிடலாம். பாலம் அதேதான், ஓட்டுநரின் பொறுமையால் அதன் வலிமை கூடுகிறது எனலாம்.

இத்தனை அறிவும் வந்துவிட்டது. இனித் தவறு எப்படி நேரும்? 2013 மே 23-ஆம் நாள் மாலை ஏழு மணி அளவில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் ஆற்றுப் பாலத்தின் மீது நேர்ந்தது. 1955-இல் கட்டப்பட்ட எஃகுச் சட்டப் பாலம் அது. நாள்தோறும் 70,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் அதன் மீது சென்றுகொண்டிருந்தன. கனடாவிலிருந்து எண்ணெய்க் கிணற்றுக் கருவி ஒன்றை ஏற்றி ஒரு லாரி வந்தது. அனுமதி இருந்தது. 15 அடி 9 அங்குல உயரத்துக்கென மாநில அரசு கொடுத்த சீட்டு அது. முன்னால், உயரத்தை அளக்கும் கம்பம் கட்டிய வழிகாட்டிக் காரும் இருந்தது. நம் கொடிக்காரர்!

எடையில் குறை ஏதும் இல்லை. குறை உயரத்தில் இருந்தது. பாலத்தின் மேற்புறக் குறுக்குச் சட்டங்கள் வளைவானவை: உள்தடத்தின் மேல் 17 அடி அளவு உயர்ந்தும், ஓரத்தில் 15 அடிக்கும் குறைவாகத் தாழ்ந்தும் இருந்தன. லாரி உள்தடத்தில் சென்றிருந்தால் தப்பியிருக்கும். வெளித்தடத்தில் சென்றது. சுமையின் மேல்மூலை ஒவ்வொரு சட்டத்தையும் வரிசையாக அடித்துக்கொண்டே போயிற்று. லாரி கடந்துவிட்டது, அதன் பின்னால் 160 அடி நீளமுள்ள ஒரு கண் முழுவதும் ஆற்றில் விழுந்தது. இரண்டு வண்டிகளும் மூவரும் தண்ணீரில் விழுந்தனர். நல்வினையாக மூவரும் உயிருடன் மீட்கப்பட்டனர்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆய்ந்து சொன்னவற்றை ஊன்றிப் படிக்க வேண்டும். அனுமதிச் சீட்டு இணைய வழியில், விண்ணப்பித்தவரே எடுத்துக்கொள்ளும் முறையில் கிடைத்தது. வழியிலுள்ள பாலங்கள் இந்த உயரத்துக்கு இடம் தருமா என்று சீட்டுக் கொடுத்த அரசு பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது லாரி நிறுவனம் என்பது விதி. நிறுவனமும் சரிவரப் பார்க்கவில்லை. பாலத்தில் தாழ்வான பகுதியைக் காட்டும் பலகையும் இல்லை. வழிகாட்டிக் காரை ஓட்டியவர் அந்த நேரத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். லாரியோ அவர் எச்சரித்தாலும் நிறுத்த முடியாத அளவு நெருங்கிப் பின்தொடர்ந்தது. 1861-இல் பாலப் பொறுப்பாளரிடம் நேரில் போய்க் கேட்க வேண்டியிருந்தது. அவருக்குத் தம் பாலத்தைத் தெரியும். 2013-இல் கேட்டது ஒரு கணினியிடம். அது கேள்வியைப் பதிவு செய்துகொண்டு, பாலத்தைப் பாராமலேயே விடை தந்தது. பாலம் ஒன்றிருக்க, அதைப் பார்க்க வேண்டிய பொறுப்பை ஒருவர் மற்றொருவர் தோளில் ஏற்றி வைத்ததால் யாருமே பார்க்கவில்லை. தற்காலிகக் கண் ஒன்று வைத்து ஜூன் 19-இல் போக்குவரத்தைத் திறந்தனர். செப்டம்பரில் நிலையான கண் வந்தது. அதில் தலைக்கு மேல் எந்தச் சட்டமும் இல்லை.

அந்தக் கண் ஆற்றில் விழுந்து ஒரு மாதம் ஆகியிருந்தபோது, அதே நாட்டின் மறு கோடியில் வேறொரு பெருஞ்சுமை புறப்பட்டது. நியூயார்க்கின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்திலிருந்த மின்காந்த வளையம் அது. மியூவான் என்னும் நுண்துகளின் காந்தப் பண்பை மிக நுட்பமாக அளப்பதற்காகச் சிகாகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வுக்கூடத்திற்குப் போக வேண்டும். குறுக்களவு 50 அடி. எடை 17 டன் அளவே. நம் சிலையோடு ஒப்பிட்டால் எடையில் தூசு! ஆனால் அகலம்? எந்தச் சாலையும் அதற்குப் போதாது. பெருஞ்சுமைக்கு அனுமதி கேட்டால், 'பிரித்துக் கொண்டு போக முடியாதா?' என்பதே அதிகாரிகள் முதலில் கேட்பது. பிரிக்கத் தக்கதாயின் அனுமதி கிடையாது. கரும்பைக் கூடுதலாக ஏற்ற எவரும் பெருஞ்சுமைச் சீட்டுக் கேட்க முடியாது. இவ்வளையத்தின் மீக்கடத்திச் சுருள்களை வெட்டினால் கருவியே பாழ். வெட்டுவது இருக்கட்டும், சில மில்லிமீட்டர் முறுக்கினாலே பாழாகிவிடலாம்.

ஆகவே 3,200 மைல் பயணத்தில் மிகப் பெரும்பகுதியைத் தெப்பத்தில் வைத்துக் கடல் வழியாகவும் ஆறுகள் வழியாகவும் கடந்தனர். ஃபுளோரிடாவைச் சுற்றி, நாட்டின் நடுவே ஆறுகளில் ஏறி, இல்லினாய்ஸ் சேர்ந்தது. கடைசிச் சில மைல்களுக்குத்தான் சாலை. அதற்கு மூன்று இரவுகள் ஆயின. நெடுஞ்சாலையை இரு புறமும் அடைத்து, மனிதர் நடக்கும் வேகத்தில் நகர்த்தினர். ஒரு சுங்க வளைவுக்குள் நுழைந்தபோது சில அங்குல இடைவெளியே மிச்சம். 1861-ஆம் ஆண்டுக் கேள்வியை ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு கம்பத்திலும் முன்கூட்டியே யாரோ நேரில் நின்று கேட்டிருந்தார்கள். ஜூலை 26 விடியற்காலையில் வளையம் ஆய்வுக்கூடத்தின் வாசலை அடைந்தது. சுருள்கள் சேதமின்றி இருந்தன. அவற்றைக் கொண்டு செய்த சோதனையின் இறுதி முடிவு 2025 ஜூனில் வெளிவந்தது. நூறு கோடியில் 127 பங்கு என்னும் துல்லியத்தில் அம்மதிப்பை அறிந்திருக்கிறோம்.